திருநள்ளாறு தொடர்பான சமூக ஊடகப் பக்கங்களும் தேடுபொறித் தெரிநிலையும்: ஒரு விளக்க ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

இணையத்தில் ஒரு செய்தி இடம்பெற்றிருப்பதும் அச்செய்தி தேடுவோர் கண்ணில் படுவதும் வெவ்வேறானவை. ஊர், கோயில், விழா ஆகியன குறித்த தமிழ்ச் செய்திகள் இன்று பெரும்பாலும் முகநூல், இன்ஸ்டாகிராம், யூடியூப் முதலான சமூக ஊடகப் பக்கங்களிலேயே எழுதப்படுகின்றன. அவற்றுள் பல, தேடுபொறியின் முடிவுகளில் இடம்பெறுவதில்லை. காரைக்கால் மாவட்டத்துத் திருநள்ளாற்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இந்நிலைக்குரிய மொழிசார் காரணங்களையும் தொழில்நுட்பக் காரணங்களையும் இக்கட்டுரை விளக்குகிறது. ஊர்ப்பெயரின் எழுத்து வேறுபாடுகள், வேற்றுமை ஏற்கும்போது நிகழும் புணர்ச்சி மாற்றம், குறியேற்றச் சிக்கல், படமாக வெளியிடப்படும் அறிவிப்புகள், நாள் குறிப்பதில் உள்ள தெளிவின்மை ஆகியன தனித்தனியே ஆராயப்படுகின்றன. பெரும்பொருட் செலவின்றிப் பக்கங்களின் தெரிநிலையை உயர்த்தும் வழிமுறைகளும் தொகுத்துரைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்

தேடுபொறி, சமூக ஊடகம், தெரிநிலை, திருநள்ளாறு, ஒருங்குறி, குற்றியலுகரப் புணர்ச்சி, சனிப்பெயர்ச்சி.

முன்னுரை

புதுச்சேரி ஒன்றியப் பகுதிக்கு உட்பட்ட காரைக்கால், தமிழ்நாட்டு மாவட்டங்களாற் சூழப்பட்ட சிறு நிலப்பகுதியாகும். காரைக்கால் நகருக்கு மேற்கே ஏறத்தாழ 5 கி.மீ. தொலைவில் திருநள்ளாறு அமைந்துள்ளது. தர்ப்பாரண்யேசுவரர் கோயில் கொண்டுள்ள இவ்வூர், தேவாரப் பாடல் பெற்ற தலமாகவும், ஏழு விடங்கத் தலங்களுள் ஒன்றாகவும், சனி பகவானுக்குரிய தலமாகவும் அறியப்படுகிறது. சோழநாட்டு நவக்கிரகத் தலங்கள் எனப்படும் ஒன்பதனுள் எட்டுத் தலங்கள் தமிழ்நாட்டில் உள்ளன. திருநள்ளாறு ஒன்றே புதுச்சேரி ஆட்சிப் பகுதியில் அமைந்தது.

இவ்வூரை நோக்கி வருவோருட் பெரும்பாலோர் வெளியூரினர். எந்நாளில் வருவது, எவ்வழியே வருவது, நளதீர்த்தத்தில் நீராடும் முறை யாது, கட்டணச் சீட்டு எங்கே பெறுவது என்னும் வினாக்களுக்கு விடை காண அவர்கள் முதலில் நாடுவது கைப்பேசியில் உள்ள தேடுபொறியையே ஆகும். விடையளிக்க வல்லவர்களாகிய கோயில் நிருவாகத்தினரும் உள்ளூர் மக்களும் வரலாற்று ஆர்வலர்களும் தாம் அறிந்தவற்றைச் சமூக ஊடகப் பக்கங்களில் எழுதுகின்றனர். கேட்பவர் ஓரிடத்திலும் விடை வேறோரிடத்திலும் நிற்கும் இந்நிலையில், இடைவெளியைப் பிறர் நிரப்பிவிடுகின்றனர். திருநள்ளாறு கோயிலின் பெயரில் இயங்கிய போலி இணையத்தளம் வாயிலாகப் பக்தர்களிடம் பணம் பெறப்பட்டது தொடர்பாக 2025ஆம் ஆண்டில் காவல்துறை நடவடிக்கை மேற்கொண்டது செய்திகளில் வெளிவந்தது. உண்மையான பக்கம் தேடலில் முன்னிற்க வேண்டியது ஏன் என்பதை இந்நிகழ்வு தெளிவாக்குகிறது. ஆகவே தெரிநிலை என்பதை விளம்பரத் துறையினரின் அக்கறை என ஒதுக்காது, தமிழ்த் தகவலின் நம்பகத்தன்மை சார்ந்த சிக்கலாக இக்கட்டுரை அணுகுகிறது.

1. தேடுபொறி செயற்படும் முறை

தேடுபொறியின் பணியை மூன்று நிலைகளாகப் பகுத்துக் காணலாம். முதலாவது, தவழ்தல். தேடுபொறியின் நிரல் ஓர் இணையப் பக்கத்திலிருந்து அதில் உள்ள இணைப்புகளைப் பின்பற்றி அடுத்தடுத்த பக்கங்களுக்குச் செல்கிறது. இரண்டாவது, அட்டவணைப்படுத்தல். பக்கத்தில் உள்ள சொற்கள், தலைப்பு, படக்குறிப்பு, நாள் முதலியன பிரித்தறியப்பட்டுச் சேமிக்கப்படுகின்றன. நூலின் இறுதியில் அமையும் சொல்லடைவு எவ்வாறு சொல்லிலிருந்து பக்க எண்ணுக்கு அழைத்துச் செல்கிறதோ அவ்வாறே இவ்வட்டவணையும் அமைகிறது. மூன்றாவது, தரவரிசைப்படுத்தல். தேடுபவர் தட்டச்சிட்ட சொற்களுக்குப் பொருந்தும் பக்கங்களுள் எது முதலில் நிற்க வேண்டும் என்பது பல காரணிகளால் முடிவு செய்யப்படுகிறது.

லாரி பேஜ், செர்கே பிரின் ஆகியோர் உருவாக்கிய பேஜ்ரேங்க் முறை, ஒரு பக்கத்தைப் பிற பக்கங்கள் எந்த அளவுக்கு இணைப்பின் வழிச் சுட்டுகின்றன என்பதை மதிப்பின் அளவுகோலாகக் கொண்டது. இம்முறையை அடிப்படையாகக் கொண்டே 1998ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனம் தோற்றம் பெற்றது. ஆய்வுலகில் ஒரு கட்டுரை எத்தனை கட்டுரைகளில் மேற்கோளாக எடுத்தாளப்படுகிறது என்பதைக் கொண்டு அதன் செல்வாக்கை மதிப்பிடும் வழக்கத்தோடு இதனை ஒப்பிடலாம். இன்று காரணிகள் பெருகியிருப்பினும், சுட்டப்படுதல் என்னும் கருத்து தன் இடத்தை இழந்துவிடவில்லை.

மூன்று நிலைகளுள் முன்னது நிகழாவிடிற் பின்னது நிகழாது என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. தவழ்நிரல் நுழைய இயலாத பக்கம் அட்டவணையில் ஏறாது. அட்டவணையில் ஏறாத பக்கம் எத்துணைச் சிறப்புடையதாயினும் தரவரிசையில் இடம்பெறாது. சமூக ஊடகப் பக்கங்கள் பலவற்றின் சிக்கல் முதல் நிலையிலேயே தொடங்கிவிடுகிறது.

2. சமூக ஊடகப் பக்கங்களின் இயல்பும் வரம்பும்

சமூக ஊடகங்கள் யாவும் தேடுபொறிக்கு ஒரே அளவில் திறந்திருப்பவை அல்ல. முகநூலில் நிறுவனம், கோயில், அமைப்பு ஆகியவற்றுக்கென உருவாக்கப்படும் பொதுப் பக்கங்களைத் தேடுபொறி அணுக இயலும். தனியர் குழுக்களில் எழுதப்படுவனவும் நண்பர்களுக்கு மட்டும் எனக் குறிக்கப்படுவனவும் தேடுபொறிக்கு எட்டா. வாட்ஸ்அப் குழுவில் பகிரப்படும் செய்தி, குழுவின் உறுப்பினர்க்கு மட்டுமே உரியது. இருபத்து நான்கு மணி நேரத்தில் மறையும் ‘ஸ்டோரி’ வகைப் பதிவுகளைத் தேடலுக்குரிய ஆவணமாகக் கொள்ள இயலாது.

இன்ஸ்டாகிராமைப் பொறுத்தவரை 2025ஆம் ஆண்டு ஜூலை 10 முதல் ஒரு மாற்றம் நடைமுறைக்கு வந்தது. 18 வயது நிறைந்தோரின், பொதுநிலையில் உள்ள தொழில்முறைக் கணக்குகளில் இடம்பெறும் படங்களையும் காணொலிகளையும் கூகுள் முதலிய தேடுபொறிகள் அட்டவணைப்படுத்த இதனால் வழியேற்பட்டது. கணக்கின் அமைப்புப் பகுதியில் இவ்விசைவை ஏற்கவோ மறுக்கவோ இயலும். தனிக்கணக்காகவே இயங்கும் ஊர்ப் பக்கங்கள் இவ்வாய்ப்பைப் பெறுவதில்லை. யூடியூப், 2006ஆம் ஆண்டு முதல் கூகுள் நிறுவனத்தின் உடைமையாக இருப்பது. அதில் வெளியாகும் காணொலிகள் தேடல் முடிவுகளில் எளிதில் இடம்பெறுகின்றன. ஆயினும் காணொலியின் தலைப்பும் விளக்கவுரையும் வசனவரியும் எழுத்தால் அமைந்திருந்தாலன்றி, அதன் பொருளைத் தேடுபொறி முழுமையாக அறிதல் அரிது.

விருப்பக்குறிகள் பெருகினால் தேடலில் முன்னிடம் கிடைக்கும் என்னும் கருத்து பரவலாக உள்ளது. முகநூல், டுவிட்டர் ஆகியவற்றின் பக்கங்களைக் கூகுள் பிற இணையப் பக்கங்களைப் போலவே கருதுகிறது என்றும், பின்தொடர்வோர் எண்ணிக்கை, விருப்பக்குறி ஆகியவற்றை நேரடியான தரவரிசைக் குறிப்பாகக் கொள்வதில்லை என்றும் அந்நிறுவனத்தைச் சார்ந்த மேட் கட்ஸ் 2014ஆம் ஆண்டில் விளக்கினார். அவ்வாறெனின் சமூக ஊடகச் செயற்பாட்டால் தேடலுக்குப் பயனே இல்லையோ என்னும் ஐயம் எழலாம். பயன் உண்டு, அது மறைமுகமானது. பலர் காணும் பதிவைச் செய்தித்தளமோ கல்வி நிறுவனமோ தன் பக்கத்தில் சுட்டும்போது இணைப்பு உருவாகிறது. பக்கத்தின் பெயரை மக்கள் நினைவிற் கொண்டு நேரே தேடுகின்றனர். இவ்விரண்டும் தெரிநிலையை வளர்க்கின்றன.

3. ஊர்ப்பெயரின் எழுத்து வடிவங்களும் தேடலும்

தமிழ்த் தேடலுக்கே உரிய சிக்கல்களுள் முதன்மையானது பெயர் எழுதும் முறையில் காணப்படும் வேறுபாடாகும். திருநள்ளாறு என்னும் பெயரில் ளகர லகர மயக்கம் ஓரிடத்திலும், இறுதியில் ‘று’, ‘ரு’, ‘ர்’ என்னும் மயக்கம் மற்றோரிடத்திலும் நிகழக்கூடும். இவ்விரண்டையும் இணைத்தாற் பெயர் ஆறு வடிவங்களில் எழுதப்பட வாய்ப்புண்டு; அவற்றுள் ஒன்றே சரியானது. தேவாரத்தில் இவ்வூர் ‘திரு’ என்னும் அடைமொழியின்றி நள்ளாறு எனவே வழங்குவதால், இலக்கியம் சார்ந்து தேடுவோர் அவ்வடிவத்தையும் கையாள்வர்.

உரோமன் எழுத்தில் எழுதும்போது வேறுபாடு மேலும் பெருகுகிறது. முதலெழுத்தாகிய ‘டி’யை அடுத்து ‘எச்’ சேர்த்தும் சேர்க்காதும் எழுதுவர்; ‘எல்’ எழுத்தை ஒன்றாகவும் இரண்டாகவும் எழுதுவர்; இறுதியில் ‘யு’ எழுத்தைச் சேர்த்தும் விடுத்தும் எழுதுவர். இம்மூன்று இடங்களிலும் இவ்விரு வாய்ப்புகள் உள்ளமையால் எட்டு வடிவங்கள் தோன்றுகின்றன. ‘திரு’ என்பதைத் தனிச்சொல்லாகப் பிரித்து எழுதுவதையும் கணக்கிற் கொண்டால் அவை பதினாறாகும். காரைக்கால் என்னும் பெயரும் பிரெஞ்சு ஆட்சிக்கால ஆவணங்களில் ‘காரிகல்’ என ஒலிக்கும் எழுத்துமுறையில் பதிவாகியுள்ளது. பழைய ஆவணங்களைத் தேடும் வரலாற்று ஆய்வாளர் அவ்வடிவத்தையும் தேடல் வேண்டும்.

இவற்றினும் நுட்பமானது புணர்ச்சி மாற்றம். திருநள்ளாறு என்னும் பெயர் வேற்றுமை உருபு ஏற்கும்போது திருநள்ளாற்றில், திருநள்ளாற்றுக்கு, திருநள்ளாற்றின் என ஒற்று இரட்டித்து நிற்கும். நெடில்தொடர், உயிர்த்தொடர்க் குற்றியலுகரங்களில் டகர றகர ஒற்றுகள் இரட்டும் என நன்னூல் கூறும் விதி இங்குச் செயற்படுகிறது. மனிதருக்கு இவையாவும் ஒரே ஊர். எழுத்துச் சரத்தை மட்டும் ஒப்பிடும் நிரலுக்கோ ‘திருநள்ளாறு’ என்பதும் ‘திருநள்ளாற்று’ என்பதும் இறுதியில் வேறுபட்ட இரு சரங்களாகும். ஆங்கிலத்தில் ஊர்ப்பெயர் மாறாது நிற்க, இடம் குறிக்கும் சொல் தனியே வருவதால் இச்சிக்கல் அங்கு எழுவதில்லை. பெரிய தேடுபொறிகள் சொல்லின் வேர்வடிவத்தைக் கண்டறியும் திறனை ஓரளவு பெற்றுள்ளன. எனினும் சமூக ஊடகத்தளங்களின் உள்தேடற்பெட்டி, நூலகப் பட்டியல், மின்னாவணத்தின் சொல்தேடல் ஆகியன பெரும்பாலும் சரத்தையே ஒப்பிடுகின்றன. திருநள்ளாற்றைப் பற்றி இலக்கணத் தூய்மையோடு நீண்ட பதிவு எழுதிய ஒருவர், அதில் ஓரிடத்திலேனும் ‘திருநள்ளாறு’ என எழுவாய் வடிவில் எழுதாதுவிட்டால், பெயரைத் தேடுவோர்க்கு அப்பதிவு கிடைக்காது போகலாம்.

வலிமிகுதலும் இத்தகையதே. சனிப்பெயர்ச்சி என்னும் தொடர், ஒற்று மிகுந்தும் மிகாமலும், இடைவெளி விட்டும் விடாமலும் எழுதப்படுவதால் நான்கு வடிவங்களைக் கொள்கிறது. காரைக்கால் அம்மையாரைப் போற்றி எடுக்கப்படும் மாங்கனித் திருவிழா என்னும் பெயருக்கும் இது பொருந்தும். இறைவன் பெயரைத் தமிழாய்வு இதழ்கள் ‘தர்ப்பாரண்யேசுவரர்’ என எழுத, மக்கள் ‘தர்ப்பாரண்யேஸ்வரர்’ எனக் கிரந்த எழுத்திட்டே தேடுகின்றனர். தூய வடிவமும் மக்கள் வழக்கும் ஒரே பதிவில் ஒருமுறையேனும் இடம்பெறச் செய்தல் இரு சாரார்க்கும் பயன்தரும்.

4. குறியேற்றமும் படச்செய்தியும்

கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் எழுத்துகள் கணினிக்கு வேறாக இருத்தலும் உண்டு. கோயிற் பெயர்களின் முன் வழங்கும் ‘ஸ்ரீ’ என்னும் எழுத்து இதற்குத் தக்க சான்றாகும். ‘ஸ’ என்னும் எழுத்தின் அடியாக அமையும் குறியேற்றம் ஒன்றும், 2005ஆம் ஆண்டில் ஒருங்குறியிற் சேர்க்கப்பட்ட ‘ஶ’ என்னும் எழுத்தின் அடியாக அமையும் குறியேற்றம் மற்றொன்றும் வழக்கில் உள்ளன. பல எழுத்துருக்களில் இவ்விரண்டும் ஒரே உருவில் தோன்றும். இவற்றைச் சமமாகக் கொள்ளும் ஏற்பாடு இல்லாத தேடற் கருவியில் ஒன்றைத் தட்டச்சிட்டால் மற்றது கிடைக்காது. ‘ஔ’ என்னும் எழுத்திற்கு ‘ஒ’, ‘ள’ என்னும் இரண்டையும் அடுத்தடுத்து இடுதலும், துணைக்காலுக்கு மாற்றாக ரகரத்தை இடுதலும் இவ்வகைப் பிழைகளே. அச்சில் இவை உறுத்துவதில்லை. தேடலில் சொல்லையே மறைத்துவிடுகின்றன.

ஒருங்குறிக்கு முற்பட்ட எழுத்துருக் குறியேற்றங்களின் தாக்கமும் முற்றும் நீங்கவில்லை. தமிழ்நாடு அரசு 2010ஆம் ஆண்டில் ஒருங்குறியை அரசுப் பயன்பாட்டிற்குரிய குறியேற்றமாக ஏற்றது. ஆயினும் அழைப்பிதழ், சுவரொட்டி முதலியவற்றை வடிவமைக்கும் அச்சகங்கள் பலவற்றில் பழைய எழுத்துருக்களே புழங்குகின்றன. அவ்வெழுத்துருவில் அமைந்த பனுவலை முகநூலில் ஒட்டினாற் பொருளற்ற உரோமன் குறிகளே தோன்றும். எனவே அழைப்பிதழை அவ்வாறே படமாக வெளியிடும் பழக்கம் நிலைபெற்றுவிட்டது.

விழா அழைப்பிதழ் ஒன்றில் கொடியேற்றம், தேரோட்டம், தெப்பம் ஆகியவற்றின் நாளும் நேரமும் உபயதாரர் விவரமும் இடம்பெறும். அப்படத்தின்மேல் ‘அனைவரும் வருக’ என்னும் தொடரை மட்டும் எழுதி வெளியிட்டால், தேடுபொறிக்குக் கிடைக்கும் பனுவல் அவ்விரு சொற்களே. படத்திலுள்ள எழுத்தை உணரும் தொழில்நுட்பம் வளர்ந்துள்ளபோதிலும், அலங்கார எழுத்துருவில் வண்ணப் பின்னணிமேல் அமைந்த தமிழ் எழுத்தை அது பிழையின்றி உணரும் என நம்பி விட்டுவிடுதல் பொருத்தமன்று. படத்தின் செய்தியைப் பனுவலாகவும் தட்டச்சிட்டு வெளியிடுவதே உறுதியான வழி. முகநூலும் இன்ஸ்டாகிராமும் படத்திற்கு மாற்றுரை எழுத இடமளிக்கின்றன. பார்வைக் குறைபாடு உடையோர் திரைவாசிப்பான் வழியே செய்தியை அறிவதற்கென அமைந்த வசதி இது. தேடுபொறிக்கும் இது துணைசெய்கிறது.

5. நாளும் இடமும்

திருநள்ளாறு குறித்த தேடல்களுள் தலைமையானது சனிப்பெயர்ச்சி நாள் பற்றியது. சனிக்கோள் கதிரவனை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 29.5 ஆண்டுகள் ஆகின்றன. அதனால் ஓர் இராசியில் அது ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் தங்குகிறது. பெயர்ச்சி நாளைக் கணிப்பதில் வாக்கியம், திருக்கணிதம் என இருவகைப் பஞ்சாங்க முறைகள் வழக்கில் உள்ளன. திருநள்ளாறு கோயில் வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுகிறது. அங்கு 2017 டிசம்பர் 19, 2020 டிசம்பர் 27, 2023 டிசம்பர் 20 ஆகிய நாள்களில் பெயர்ச்சி விழா நடைபெற்றது. மகரத்திலிருந்து கும்பத்திற்கு நிகழ்ந்த பெயர்ச்சி, திருக்கணித முறைப்படி 2023 ஜனவரி 17 அன்றே நிகழ்ந்துவிட்டது. வாக்கிய முறைப்படி ஏறத்தாழ 11 மாதங்களுக்குப் பின்னர் நிகழ்ந்தது.

இவ்வேறுபாடு 2025ஆம் ஆண்டில் பெருங்குழப்பத்தை விளைவித்தது. திருக்கணித முறைப்படி அவ்வாண்டு மார்ச் 29 அன்று சனிப்பெயர்ச்சி எனச் சோதிடத் தளங்களும் காணொலிகளும் பரவலாக வெளியிட்டன. அந்நாளில் திருநள்ளாற்றில் பெயர்ச்சி விழா இல்லை என்றும், வாக்கியப் பஞ்சாங்கப்படி 2026ஆம் ஆண்டிலேயே விழா நடைபெறும் என்றும் கோயில் நிருவாகம் விளக்கம் வெளியிட வேண்டியதாயிற்று. சோதிடத் தளங்கள் தந்த நாள் ஒரு கணிப்பு முறைக்கு ஏற்பச் சரியானதே. திருநள்ளாற்று விழாவுக்கு அது பொருந்தாது என்பதே சிக்கல். தேடுபொறி இவ்வேறுபாட்டைத் தானே உணராது. ‘வாக்கியப் பஞ்சாங்கப்படி’ என்னும் தொடரும் முழுமையான நாளும் கோயில் சார்ந்த பக்கத்தின் தலைப்பிலேயே இடம்பெற்றால்தான் அதனைத் தேடுவோர்க்கு எடுத்துக்காட்ட இயலும்.

பழைய பதிவுகளும் இங்கு இடர் விளைக்கின்றன. ‘இவ்வாண்டுச் சனிப்பெயர்ச்சி’, ‘நாளை மறுநாள் விழா’ என எழுதப்பட்ட பதிவுகள் ஆண்டுகள் கடந்த பின்னரும் தேடலில் தோன்றுகின்றன. நாளிதழ் எழுதுவோர்க்கு ‘நாளை’ என்பது பொருளுடைய சொல். இதழின் தலைப்பில் நாள் அச்சிடப்பட்டிருக்கும். தேடலின் வழி வரும் வாசகர்க்கோ பதிவு எந்நாளுக்குரியது என்பது உடனே விளங்குவதில்லை. ஆண்டு, திங்கள், நாள் மூன்றையும் எழுதுதலே முறை.

இடம் குறித்த தெளிவும் இன்றியமையாதது. நவக்கிரகச் சுற்றுலா பெரும்பாலும் கும்பகோணத்தை மையமாகக் கொண்டு அமைவதால், திருநள்ளாறும் தமிழ்நாட்டு ஊர் எனவே பலர் கருதுகின்றனர். இக்கோயில் தமிழ்நாட்டு இந்து சமய அறநிலையத் துறையின் ஆளுகைக்கு உட்பட்டதன்று; 1972ஆம் ஆண்டின் புதுச்சேரி இந்து சமய நிறுவனங்கள் சட்டத்தின் வரம்பிற்கு உட்பட்டது. இதனை அறியாதவர் தமிழ்நாட்டு அரசுத்தளத்தில் தேடிக் காணாது, பின்னர்த் தனியார் தளங்களை நாடுகின்றனர். போலித் தளங்கள் காத்திருப்பது அவ்விடத்திலேயே. ஆகவே ‘திருநள்ளாறு, காரைக்கால் மாவட்டம், புதுச்சேரி’ என்னும் முழுமுகவரி ஒவ்வொரு பக்கத்தின் அறிமுகப் பகுதியிலும் ஒரே வடிவில் இடம்பெறல் வேண்டும்.

6. பொய்ச்செய்தியின் தெரிநிலை

திருநள்ளாற்றைக் கடக்கும் செயற்கைக்கோள்கள் சில வினாடிகள் செயலற்று நின்றுவிடுகின்றன என்னும் செய்தி சமூக ஊடகங்களில் நெடுங்காலமாகச் சுற்றி வருகிறது. இயற்பியல் அடிப்படையில் இது நிகழ இயலாதது. புவிக்குமேல் சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் செல்லும் செயற்கைக்கோள் வினாடிக்கு ஏறத்தாழ 7.5 கி.மீ. வேகத்தில் இயங்குகிறது. அவ்வேகமே அதனைச் சுற்றுப்பாதையில் நிறுத்துகிறது. வேகம் இழந்தால் அது புவியை நோக்கி வீழும். சில வினாடிகள் நின்று மீண்டும் புறப்படுதல் என்பதற்கு அங்கு இடமில்லை.

இருப்பினும் இச்செய்தி தேடலில் நிலைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. பொய்ச்செய்தி ஒரே சொற்களில் ஆயிரக்கணக்கான பக்கங்களில் படியெடுக்கப்படுகிறது. ஊர்ப்பெயர், கோயிற்பெயர், ‘செயற்கைக்கோள்’ என்னும் சொல் ஆகிய மூன்றும் அதில் தவறாது இடம்பெறுகின்றன. மறுப்புரையோ பெரும்பாலும் பின்னூட்டப் பகுதியில், ஊர்ப்பெயரும் சுட்டப்படாது, ‘இது உண்மையன்று’ என்னும் அளவில் நின்றுவிடுகிறது. பின்னூட்டம் தனிப்பக்கமாக அட்டவணையில் ஏறுவதில்லை. மறுப்பு தேடலில் கிடைக்க வேண்டுமெனில், மக்கள் தேடும் வினாவையே தலைப்பாகக் கொண்டு, உரிய பெயர்களுடன், காரணத்தை விளக்கும் தனிப்பதிவாக அது எழுதப்படல் வேண்டும். தலத்தின் சமயச் சிறப்பிற்கு இத்தகைய கட்டுக்கதையின் துணை தேவையில்லை என்பதும் அப்பதிவில் உணர்த்தப்படலாம்.

7. தெரிநிலையை உயர்த்தும் வழிமுறைகள்

மேற்கண்ட ஆய்வின் அடிப்படையில், ஊர், கோயில், கல்வி நிறுவனம், ஆய்வு மன்றம் ஆகியவற்றின் பக்கங்களுக்குப் பொருந்தும் வழிமுறைகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

பெயரும் முகவரியும்: பக்கத்தின் பெயரில் ஊர்ப்பெயர் தமிழிலும் உரோமன் எழுத்திலும் இடம்பெற வேண்டும். பக்கத்தின் இணைய முகவரியில் எண்கள் நிறைந்த தானியங்கிப் பெயர் இருப்பின், அதனைப் பொருளுள்ள பெயராக மாற்றிக்கொள்ளல் வேண்டும். முகநூல் இவ்வசதியை 2009ஆம் ஆண்டு முதல் வழங்கி வருகிறது. எல்லாத் தளங்களிலும் ஒரே பெயரைக் கையாளுதல் தேடுபொறி அவற்றை ஒருவருடையன என இனங்காணத் துணைபுரியும்.

முதல் வரி: பதிவின் முதல் வரியில் எழுவாய் வடிவில் ஊர்ப்பெயரும் நிகழ்வின் பெயரும் முழுநாளும் அமைதல் வேண்டும். வாழ்த்துரையும் அடுக்குத்தொடரும் பின்னர் வரலாம். பெயரின் வேறு வடிவங்களை இயல்பான தொடர்களில் ஓரிரு முறை ஆளலாம். ஒரே சொல்லைப் பதிவு முழுதும் அடுக்குதல் வாசகர்க்கு ஊறு செய்வதோடு, தேடுபொறியாலும் முறைகேடாகக் கருதப்படும். பக்கத்தின் மறைவான பகுதியில் திறவுச்சொற்களை நிரப்பும் பழைய உத்தியைத் தரவரிசைக்குக் கருதுவதில்லை எனக் கூகுள் 2009ஆம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டது.

தன்னிணையத்தளம்: சமூக ஊடகப் பக்கம் பிறர் நிலத்தில் கட்டிய வீடு போன்றது, நிறுவனத்தின் விதி மாறினாற் பதிவுகளின் நிலையும் மாறும். ஆகவே நிலைத்திருக்க வேண்டிய செய்திகளை எளிய இணையத்தளம் ஒன்றில் வைத்து, சமூக ஊடகப் பதிவிலிருந்து அதற்கு இணைப்புத் தருதல் நன்று. அத்தளத்திலிருந்து சமூக ஊடகப் பக்கங்களுக்கும் இணைப்பு அமைய வேண்டும். கூகுள், பிங், யாகூ ஆகியன இணைந்து 2011ஆம் ஆண்டில் உருவாக்கிய ‘ஸ்கீமா’ என்னும் தரவுக் குறிமுறை, இன்ன தளமும் இன்ன சமூக ஊடகப் பக்கங்களும் ஒரே நிறுவனத்திற்கு உரியவை எனத் தேடுபொறிக்கு அறிவிக்க வழிசெய்கிறது. போலிப் பக்கத்திலிருந்து மெய்ப்பக்கத்தைப் பிரித்தறிய இவ்விருவழி இணைப்பு உதவும்.

நிலப்படப் பதிவு: கூகுள் நிலப்படத்தில் தோன்றும் நிறுவனக் குறிப்பை உரியவர் உரிமைகோரிப் பெற்று, நேரம், தொலைபேசி, தளமுகவரி ஆகியவற்றைத் தாமே பேணுதல் வேண்டும். உரிமைகோரப்படாத குறிப்பில் பிறர் பரிந்துரைக்கும் திருத்தங்கள் உரியவர் அறியாமலே இடம்பெறக்கூடும்.

காணொலி: யூடியூப் காணொலியின் விளக்கவுரையில் இரண்டு பத்தி அளவிலேனும் செய்தியை எழுதுதல், தமிழ் வசனவரியைச் சரிபார்த்து இணைத்தல், நீண்ட காணொலியைக் காலக்குறிப்புடன் பகுதிகளாகப் பிரித்தல் ஆகியன பயன்தரும். தலவரலாற்றுச் சொற்பொழிவு ஒன்றில் பச்சைப் பதிகம் குறித்த பகுதி எந்த நிமிடத்தில் தொடங்குகிறது எனக் குறித்தால், அப்பகுதியை மட்டும் தேடும் மாணவர்க்கும் அது கிட்டும்.

8. அளத்தலும் எல்லையும்

செய்த மாற்றம் பயன்தந்ததா என்பதை அளந்தறிதல் ஆய்வு நெறியின் பாற்பட்டது. தன்னிணையத்தளம் உடையோர், எச்சொற்களைத் தேடி வாசகர் வந்தனர் என்பதைக் கூகுளின் ‘சர்ச் கன்சோல்’ என்னும் கட்டணமற்ற கருவியால் அறியலாம். ‘கூகுள் டிரெண்ட்ஸ்’ கருவி ஒரு சொல்லுக்கான ஆர்வத்தை 0 முதல் 100 வரையிலான ஒப்பீட்டு அளவில் காட்டும். அது தேடல்களின் எண்ணிக்கையைத் தருவதன்று என்பதை ஆய்வாளர் மறத்தலாகாது. பெயரின் இரு வடிவங்களை அதில் ஒப்பிட்டு, மக்கள் மிகுதியாகத் தட்டச்சிடும் வடிவத்தைத் தெரிந்துகொள்ளலாம்.

தேடல் முடிவுகள் தேடுபவரின் இடம், மொழி அமைப்பு, முன்னைய தேடல் ஆகியவற்றிற்கேற்ப மாறுபடுவன. ஆகவே ஒரு கைப்பேசியில் ஒருமுறை கண்ட முடிவைப் பொதுமுடிவாகக் கொள்ளுதல் தவறு. வெவ்வேறு கருவிகளில், வெவ்வேறு நாள்களில், கணக்கிலிருந்து வெளியேறிய நிலையில் தேடி, நாளையும் இடத்தையும் குறித்துவைத்து ஒப்பிடல் வேண்டும். மாற்றம் உடனே தோன்றாது; தவழ்நிரல் மீண்டும் வந்து அட்டவணை புதுப்பிக்கப்படும் வரை பொறுத்திருத்தல் வேண்டும். பணம் பெற்றுக்கொண்டு முதலிடத்தை உறுதியாகத் தருவதாகக் கூறுவோரின் சொல்லை ஏற்பது அறிவுடைமையாகாது. தரவரிசையை விலைக்குப் பெற இயலாது. விளம்பர இடத்தையே பெற இயலும்.

முடிவுரை

திருநள்ளாறு தொடர்பான சமூக ஊடகப் பக்கங்களின் தெரிநிலைச் சிக்கல், தொழில்நுட்பக் குறைபாட்டால் மட்டும் எழுவதன்று என்பது மேற்கண்ட விளக்கங்களால் தெளிவாகிறது. எழுத்து மயக்கம், குற்றியலுகரப் புணர்ச்சி, வலிமிகுதல், கிரந்த எழுத்தாட்சி, குறியேற்ற வேறுபாடு ஆகிய மொழிசார் கூறுகள் அதில் பெரும்பங்கு வகிக்கின்றன. இவற்றை நன்கறிந்தவர்கள் தமிழ்த் துறையினரே. ஒரு பதிவில் ஊர்ப்பெயரை எழுவாய் வடிவில் எழுதுதல், நாளை முழுமையாகக் குறித்தல், படத்தின் செய்தியைப் பனுவலாகத் தருதல், முகவரியை ஒரே வடிவிற் பேணுதல் ஆகிய நான்கும் பொருட்செலவற்றவை. அவை கடைப்பிடிக்கப்படுமாயின் வெளியூரிலிருந்து வரும் பக்தர் தவறான நாளில் பயணம் மேற்கொள்வதையும், போலித் தளத்திற் பணம் இழப்பதையும் பெருமளவு தவிர்க்க இயலும்.

தமிழகத்தின் பிற தலங்களின் பெயர்கள் வேற்றுமை ஏற்கும்போது கொள்ளும் வடிவங்களைத் தொகுத்து, தேடற்கருவிகளுக்குப் பயன்படும் சொற்பட்டியலாக வெளியிடுதல் அடுத்தகட்ட ஆய்விற்குரிய களமாகும். திருவையாறு, அடையாறு முதலாக ‘ஆறு’ என முடியும் ஊர்ப்பெயர்களிலிருந்தும், செங்காடு முதலாகக் ‘காடு’ என முடியும் ஊர்ப்பெயர்களிலிருந்தும் அப்பணியைத் தொடங்கலாம். இலக்கண அறிவும் கணினி அறிவும் ஒருங்கிணையும் அம்முயற்சியில் பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகள் ஈடுபடுதல் காலத்தின் தேவையாகும்.